கார்லோவி வாரியா, மரியான்ஸ்கேயா, பிரான்டிஷ்கோவியா? நான்கு நாள் தங்க எந்த ஊற்று ஊர்

"பிராக் போகிறோம். அங்கிருந்து நாலு நாள் ஒதுக்கி, ஊற்று நீருக்குப் பேர்போன ஊர் ஒன்றில் தங்கலாம் என்று இருக்கிறோம். எந்த ஊர் என்றுதான் முடிவுக்கு வர முடியவில்லை." இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பாதிப்பேர் வயதான பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள். சிலர் உடம்புக்கு ஏதாவது நன்மை கிடைக்குமா என்று பார்ப்பவர்கள். மற்றவர்களுக்கு அழகான பழைய ஊரில் நாலு நாள் நிம்மதியாக நடந்தால் போதும்.

செக் நாட்டின் மேற்கு மூலையில், ஜெர்மனி எல்லையை ஒட்டி, மூன்று ஊர்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றன: கார்லோவி வாரி, மரியான்ஸ்கே லாஸ்னே, பிரான்டிஷ்கோவி லாஸ்னே. பழைய ஜெர்மன் பெயர்கள் கார்ல்ஸ்பாத், மரியன்பாத், பிரான்சென்ஸ்பாத். 2021-ல் யுனெஸ்கோ ஏழு நாடுகளிலிருந்து 11 ஊற்று நகரங்களைச் சேர்த்து ஒரே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இங்கிலாந்தின் பாத், ஜெர்மனியின் பாடன்-பாடன், பிரான்சின் விஷி எல்லாம் இருக்கும் அந்தப் பட்டியலில் இந்த மூன்றும் உண்டு.

பெரும்பாலானவர்கள் புகைப்படத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். படத்தில் அழகாக விழுவது கார்லோவி வாரிதான், அதனால் எல்லோரும் அங்கேயே போய் நிற்கிறார்கள். என் கருத்து வேறு. இந்த ஊர்களை நீரைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று ஊரின் நீரும் அடிப்படையிலேயே வேறு. கட்டடங்கள் அமைந்த விதம், அங்கே ஒரு நாள் கழியும் முறை, பணம் செலவாகும் இடம் எல்லாம் அந்த நீரைத் தொட்டே வந்திருக்கின்றன.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் உங்களுக்குள் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

- நீரை என்ன செய்யப் போகிறீர்கள்? குடிக்கவா, குளிக்கவா, பார்த்தால் போதுமா?
- மருத்துவரைப் பார்த்து முறையான சிகிச்சை எடுக்கிற எண்ணம் உண்டா?
- கூட வருகிறவர்களின் முழங்கால் எப்படி? மேடு பள்ளம் ஏறுவார்களா?
- கூட்டமும் கலகலப்பும் வேண்டுமா, அமைதி வேண்டுமா?
- போய்வரும் வழி எவ்வளவு சுலபம்?
- விடுதிக் கட்டணத்தில் தெரியாத செலவுகள் என்னென்ன?

இவற்றில் முதல் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில் மற்ற கேள்விகளில் பாதியை முடிவு செய்துவிடும். அதனால் நீரிலிருந்து தொடங்குகிறேன்.

## ஒரே பூமி, மூன்று விதமான நீர்

இந்தப் பகுதி முழுக்கப் பூமியின் மேலோட்டில் ஆழமான பிளவுகள் ஓடுகின்றன. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே எரிமலைகள் இருந்தன. இன்றும் சின்னச் சின்ன நில அதிர்வுகள் கொத்துக் கொத்தாக வந்து போகும். அந்தப் பிளவுகள் வழியாக மிக ஆழத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு வாயு ஓயாமல் மேலே வருகிறது. மூன்று ஊருக்கும் அந்த வாயு பொது. நீர் எவ்வளவு ஆழம் போய்த் திரும்புகிறது என்பதில்தான் வேறுபாடு.

கார்லோவி வாரியில் மழைநீர் கருங்கல் பாறையின் விரிசல்களில் சுமார் இரண்டு கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி, சூடேறி, உப்புகளைக் கரைத்துக்கொண்டு, வாயுவின் உந்துதலோடு பீறிட்டு வருகிறது. ஊரில் உள்ள எல்லா ஊற்றுகளும் ஒரே மூலநீரின் கிளைகள். சூடும் வாயுவின் அளவும் மட்டும் ஊற்றுக்கு ஊற்று மாறும்.

மரியான்ஸ்கே லாஸ்னேயில் நீர் அவ்வளவு ஆழம் போவதில்லை. மேலாகவே ஓடி, வழியில் வாயுவைச் சந்தித்து, கடக்கும் பாறைக்கு ஏற்ற கனிமங்களை வாங்கிக்கொண்டு குளிர்ச்சியாக வெளியே வருகிறது. அதனால் பக்கத்துப் பக்கத்து ஊற்றுகளுக்கே சுவை வேறு, குணம் வேறு. ஒன்றில் இரும்பு தூக்கலாக இருக்கும், ஒன்றில் மக்னீசியம், இன்னொன்றில் உப்பு.

பிரான்டிஷ்கோவி லாஸ்னேயிலும் குளிர்ந்த நீர்தான், கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட் நிறைந்தது. அதோடு அந்த ஊருக்கு இன்னொரு செல்வமும் உண்டு. சுற்றிலும் உள்ள சதுப்பு நிலத்தின் கரிய சேறு. கனிம நீர் காலங்காலமாக ஊறி ஊறி அந்தச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்திருக்கின்றன.

| | கார்லோவி வாரி | மரியான்ஸ்கே லாஸ்னே | பிரான்டிஷ்கோவி லாஸ்னே |
|---|---|---|---|
| நீர் | வெந்நீர், 73 டிகிரி வரை | குளிர்நீர், 7 முதல் 10 டிகிரி | குளிர்நீர், கூடவே சேறு |
| ஊற்றுகள் | ஒரே நீர், பல சூடு | ஒவ்வொன்றும் வேறு நீர் | கிளாபர் உப்பு தூக்கல் |
| பெயர் வாங்கியது | வயிறு, கல்லீரல், செரிமானம் | சிறுநீரகம், மூச்சு, ரத்த ஓட்டம் | பெண்கள் நலம், மூட்டு, இதயம் |
| தரை | ஒடுங்கிய பள்ளத்தாக்கு, ஆற்றோரம் மட்டும் சமம் | பூங்காவும் காடும், மிதமான சரிவு | முழுக்கச் சமதரை |
| கூட்டம் | அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| பிராக்கிலிருந்து | பேருந்து நல்லது | நேரடி ரயில் | ரயில், ஹெப் வழியாக |

"பெயர் வாங்கியது" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். நோய் தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக அந்தந்த ஊர் மருத்துவர்கள் எதற்காக நோயாளிகளை வரவழைத்தார்களோ அதைத்தான் குறித்திருக்கிறேன்.

## கார்லோவி வாரி

ஊர் பிறந்த கதையை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். 14-ம் நூற்றாண்டில் பேரரசர் நான்காம் சார்லஸ் வேட்டைக்கு வந்தபோது, மானைத் துரத்திய நாய் ஒன்று வெந்நீர்க் குட்டையில் விழுந்து அலறியதாம். கதை எப்படியோ, 1370-ல் அவர் இந்தக் குடியிருப்புக்கு நகர உரிமை கொடுத்தது வரலாறு. ஊர்ப் பெயரும் அவருடையதுதான். "வாரி" என்பது கொதிப்பதைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து வந்தது.

முதலில் பார்க்க வேண்டியது விரிட்லோ என்னும் பெரிய ஊற்று. நிமிடத்துக்குச் சுமார் 2000 லிட்டர் நீர், 12 மீட்டர் உயரம் வரை எகிறுகிறது. சூடு 73 டிகிரி. ஆவி மண்டபம் முழுக்கப் பரவி நிற்கும். இப்போதுள்ள கண்ணாடி மண்டபம் 1975-ல் கட்டியது. அதற்குக் கீழே நிலத்தடியில் கூட்டிப் போய்க் காட்டுவார்கள், கட்டாயம் போய்ப் பாருங்கள். இந்த நீர் ஆறும்போது கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து கல்லாகப் படிகிறது. குழாய்களையே அடைத்துவிடும் அளவுக்குப் படிவதால் விடாமல் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அதே நீரில் காகித ரோஜாக்களை வைத்து, மேலே கல் படியவிட்டு, பழுப்பு நிறக் கல் ரோஜாக்களாக விற்கிறார்கள்.

இந்த ஊர் நீரைக் குடிக்கும் ஊர். இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாந்து போகிறார்கள். வெந்நீர் ஊற்று என்றதும் குற்றாலம் மாதிரி தலையைக் கொடுத்துக் குளிக்கலாம் என்று நினைத்து வருகிறார்கள். ஆற்றோரத்தில் அப்படிக் குளிக்க இடமில்லை. குளிக்க வேண்டுமென்றால் 1906-ல் திறந்த எலிசபெத் குளியலகம் போன்ற இடத்தில் கட்டணம் கட்டிப் போக வேண்டும், அல்லது சிகிச்சை வசதியுள்ள விடுதியில் தங்க வேண்டும்.

ஒரு காலத்தில் இங்கும் குளியல்தான் முக்கியமாக இருந்தது. மணிக்கணக்கில் நீரில் கிடந்து தோல் வெடிக்கும்வரை உட்கார வைப்பார்களாம். 1522-ல் வாட்ஸ்லாவ் பாயர் என்ற மருத்துவர் இந்த நீரைக் குடிக்கவும் செய்யலாம் என்று எழுதினார். அப்புறம் வழக்கம் மறுகோடிக்குப் போய், ஒரு நாளைக்குப் பல பத்துக் கோப்பை குடிக்கிற நிலை வந்தது. 18-ம் நூற்றாண்டில் டாவிட் பெகர் என்ற மருத்துவர்தான் அதை நிறுத்தி, அளவாகக் குடி, ஊற்றடியிலேயே குடி, குடித்துக்கொண்டே நட என்று முறைப்படுத்தினார். ஆற்றோரத்தில் நீளமான தூண் மண்டபங்கள் எழுந்ததற்குக் காரணம் அந்த நடைதான். மழையிலும் வெயிலிலும் நோயாளிகள் நடக்க வேண்டுமே. யோசெஃப் சீடெக் வடிவமைத்து 1881-ல் முடிந்த ஆலை மண்டபத்தில் 124 தூண்களும் ஐந்து ஊற்றுகளும் இருக்கின்றன. காலை ஆறரை, ஏழு மணிக்கு அங்கே போய் நில்லுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வருமுன், கையில் கோப்பையோடு மெதுவாக நடக்கும் முதியவர்கள் மட்டும் இருப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே கார்லோவி வாரியில் ஓர் இரவு தங்கலாம்.

கோப்பையும் தனி வகை. பீங்கானில் தட்டையாகச் செய்து, கைப்பிடியையே உறிஞ்சு குழாயாக அமைத்திருப்பார்கள். அதன் வழியே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும்போது சூடு தணிந்து வரும், பல்லிலும் அதிகம் படாது. நீர் இலவசம், கோப்பையை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். சுவை எப்படி என்று கேட்பீர்கள். வெதுவெதுப்பான உப்பு நீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்தது மாதிரி இருக்கும். முதல் மடக்கு கஷ்டம். லிட்டருக்கு ஆறு கிராமுக்கு மேல் உப்புகள் கரைந்த நீர் அது. வாய் ருசிக்குக் கூடவே மெல்லிய வட்ட அப்பளம் போன்ற இனிப்பு வேஃபர் விற்கிறார்கள், ஒப்லாட்கி என்று பெயர். சுடச்சுட வாங்கிச் சாப்பிடுங்கள்.

எப்போது இது சரி: ஒரே நாளோ ஒன்றரை நாளோதான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் இங்கே போகலாம். கட்டடக்கலை பிடித்தவர்களுக்கும், மாலையில் கடைத்தெரு, இசை, கலகலப்பு வேண்டும் என்பவர்களுக்கும் இதுதான் ஊர். 1912 முதல் ஓடும் கம்பிவட ரயிலில் ஏறி டயானா கோபுரத்துக்குப் போனால் மொத்தப் பள்ளத்தாக்கும் தெரியும்.

எப்போது வேண்டாம்: ஜூலைத் தொடக்கத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும். சினிமாவுக்காகப் போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை எட்டாது. இன்னொன்று, ஊற்றுகள் உள்ள நடுப்பகுதிக்குள் கார் எளிதில் போகாது. விடுதி மேட்டுப் பக்கம் அமைந்துவிட்டால் முழங்கால் வலி உள்ளவர்கள் தினமும் படாத பாடு படுவார்கள். முன்பதிவு செய்யும்போது வரைபடத்தில் ஆற்றை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

## மரியான்ஸ்கே லாஸ்னே

என் மனசுக்குப் பிடித்த ஊர் இதுதான், அதை மறைக்கப் போவதில்லை. ஏன் என்பதை விளக்கிவிடுகிறேன், நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இல்லை.

200 ஆண்டுகளுக்குச் சற்று முன்புவரை இங்கே ஊரே கிடையாது. காடும் சதுப்பும்தான். பக்கத்தில் 1193-ல் நிறுவப்பட்ட டெப்லா மடத்துக்குச் சொந்தமான நிலம். 1528-ல் முதலாம் ஃபெர்டினாண்ட் மன்னர், இங்குள்ள உப்பு ஊற்றிலிருந்து சமையல் உப்பு எடுக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னார். காய்ச்சி எடுத்தது வயிற்றைக் கலக்கும் உப்பாக இருந்ததால் திட்டம் நின்றது. மடத்து மருத்துவர் யோஹான் நேர் அதே நீரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துப் பல ஆண்டுகள் பாடுபட்டார். மடத்தலைவர் ரைடென்பெர்கர் துணை நின்றார். 1818-ல் பொது ஊற்று ஊராக அறிவிப்பு வந்தது. தோட்டக்கலைஞர் வாட்ஸ்லாவ் ஸ்கால்னிக் சதுப்பு நிலத்தை வடித்துப் பூங்காவாக்கினார். அதாவது, இங்கே முதலில் பூங்கா, அதன் ஓரத்தில்தான் வீடுகள். இன்றும் ஊரின் நடுவில் நின்றால் மரங்களுக்கு இடையில்தான் கட்டடங்கள் தெரியும்.

கார்லோவி வாரியின் நீரைக் குடித்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு ஊற்று நீர் சோடா மாதிரி இருக்கும். சில்லென்று, குமிழியோடு. ஆனால் ஊற்றுக்கு ஊற்று வேறுபாட்டை மறக்கக் கூடாது. ருடால்ஃப் ஊற்றும் கரோலினா ஊற்றும் சிறுநீரகம், சிறுநீர்ப் பாதை சார்ந்தவற்றுக்கு என்று சொல்வார்கள். அம்ப்ரோஸ் ஊற்றில் இரும்பு அதிகம். சிலுவை ஊற்று உப்பானது, வயிற்றை இளக்கும். என்னோடு வந்த உறவினர் ஒருவர் அது தெரியாமல் காலையில் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, அன்று மதியம் வரை அறையை விட்டு வரவில்லை. அந்த ஊற்றின் மேலே உள்ள குவிமாடம் அழகாக இருக்கிறது என்பதற்காக அங்கே போய்க் குடிக்காதீர்கள்.

இந்த ஊருக்கே உரிய இன்னொன்று வாயுக் குளியல். மரியா ஊற்றிலிருந்து நீரைவிட வாயுதான் அதிகம் வருகிறது, ஏறக்குறைய முழுக்கவும் கார்பன் டை ஆக்சைடு. நெஞ்சுக்குக் கீழே உடம்பை ஒரு பையில் மூடி, அதற்குள் அந்த வாயுவைச் செலுத்துவார்கள். தோல் வழியே உறிஞ்சப்பட்டு ரத்தக் குழாய்கள் விரியும். மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் இதை எடுக்க வேண்டும்.

1889-ல் எழுந்த வார்ப்பிரும்பு மண்டபம் ஊரின் முகம். நீளமாக வளைந்து, உள்ளே வெளிச்சம் நிறைந்து இருக்கும். அதன் எதிரே 1986-ல் அமைத்த பாடும் நீரூற்று, கோடையில் இரண்டு மணிக்கொரு முறை இசைக்கு ஏற்ப நீரை எழுப்பும். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு அது கிடைக்காது. நவம்பருக்கு மேல் திட்டமிடுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

இங்கே நடக்கும்போதெல்லாம் எனக்கு கோத்தேயின் ஞாபகம் வரும். ஜெர்மன் மொழியின் மாபெரும் கவிஞர். 1821-ல் இங்கே வந்தபோது உல்ரிக்கே என்ற பெண்ணைச் சந்தித்தார். அவளுக்கு வயது 17, அவருக்கு 71. இரண்டு ஆண்டு கழித்து வைமர் நாட்டு ஆட்சியாளரான தன் நண்பர் மூலம் பெண் கேட்டார். அவள் சம்மதிக்கவில்லை. ஊர் திரும்பும் வழியில் வண்டியிலேயே எழுதிய கவிதை ஜெர்மன் இலக்கியத்தில் நிலைத்துவிட்டது. உல்ரிக்கே கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. 1823-ல் அவர் தங்கிய வீடு இப்போது நகர அருங்காட்சியகம். சன்னல் வழியே பார்த்தால் அதே பூங்கா.

பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டும் இந்த ஊரைத் தேடித் தேடி வந்தவர். 1905-ல் இங்குள்ள கோல்ஃப் மைதானத்தைத் திறந்துவைத்தவர் அவர்தான்.

எப்போது இது சரி: மூன்று இரவுக்கு மேல் தங்குகிறீர்கள், நடக்கப் பிடிக்கும், அமைதி வேண்டும் என்றால் இதுதான். ஊரைச் சுற்றி ஸ்லாவ்கோவ் காடு. தெளிவாகக் குறியிட்ட பாதைகளில் ஊற்றிலிருந்து ஊற்றுக்குப் போகலாம். சரிவு உண்டு, ஆனால் கடினமில்லை. வழிநெடுக உட்கார நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். பிராக்கிலிருந்து பில்சென் வழியாக நேரடி ரயில், மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

எப்போது வேண்டாம்: கடைத்தெருவும் இரவு நேரக் கலகலப்பும் எதிர்பார்க்கிறவர்களுக்கு இரண்டாம் நாளே சலிப்புத் தட்டும். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களும் யோசிக்க வேண்டும். ஊர் கிட்டத்தட்ட 600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் செப்டம்பர் மாலையிலேயே குளிரும். ரயில் நிலையம் ஊற்றுகளுக்குப் பக்கத்தில் இல்லை. டிராலி பேருந்து பிடிக்க வேண்டும்.

## பிரான்டிஷ்கோவி லாஸ்னே

மூன்றிலும் சிறியது. பேரரசர் இரண்டாம் பிரான்சிஸின் பெயரில் 1793-ல் நிறுவியது. கட்டம் போட்டு வரைந்தது போன்ற தெருக்கள், எல்லாக் கட்டடமும் இளமஞ்சள், சுற்றிலும் பூங்கா. அரை மணி நேரத்தில் ஊரைக் குறுக்கே நடந்துவிடலாம். மேடு என்று எதுவும் இல்லை.

இந்த ஊர் உருவாகும் முன்பே இங்குள்ள ஊற்று நீரைப் பெண்கள் குடங்களில் நிரப்பி, சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹெப் நகருக்குச் சுமந்து போய் விற்றுப் பிழைத்தார்கள். பெர்ன்ஹார்ட் ஆட்லர் என்ற மருத்துவர் ஊற்றைச் சுற்றிக் கட்டடம் எழுப்பிச் சிகிச்சை இடமாக்க முனைந்தபோது, பிழைப்பு போய்விடுமே என்று 1791-ல் அந்தப் பெண்கள் திரண்டு வந்து கட்டடத்தை உடைத்தார்கள். ஆட்லர் சளைக்கவில்லை, ஊர் எழுந்தது. இன்று அந்த ஊற்றின் மேலே நிற்கும் அழகான வட்ட மண்டபத்தைப் பார்க்கும்போது ஆட்லரை மட்டும் நினைத்தால் போதாது என்று தோன்றும். குடம் சுமந்த பெண்களுக்கும் அந்த நீரில் பங்கு இருந்தது.

பிறகு இந்த ஊரே பெண்களுக்கான ஊராகப் பெயர் பெற்றது. சேற்றுக் குளியலும் குளிர் ஊற்று நீரும் சேர்ந்த சிகிச்சைக்குக் குழந்தைப்பேறு வேண்டி ஐரோப்பா முழுவதிலுமிருந்து பெண்கள் வந்தார்கள். மீனைப் பிடித்தபடி இருக்கும் சின்னப் பையனின் வெண்கலச் சிலை ஒன்று இங்கே உண்டு. அதைத் தொட்டால் பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கையில் தொட்டுத் தொட்டுப் பளபளக்க வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அரசமரத்தில் தொட்டில் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிலை முன்னால் நிற்கும்போது தொண்டை அடைக்கும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குழந்தைக்காக ஏங்கும் தம்பதிகள் இதை மருத்துவத்துக்கு மாற்றாக எண்ணி வந்துவிடாதீர்கள். உங்கள் மருத்துவர் செய்யும் சிகிச்சை நடக்கட்டும். இங்கே கிடைக்கும் ஓய்வும் அமைதியும் கூடுதல், அவ்வளவுதான்.

பக்கத்தில் சோஸ் என்ற சதுப்புக் காப்பகம் இருக்கிறது. மரப்பலகைப் பாதையில் நடந்தால் இரண்டு பக்கமும் சேற்றுக் குழிகளில் வாயு குபுகுபுவெனக் கொப்பளிப்பதைப் பார்க்கலாம். மூன்று ஊருக்கும் ஊற்றைக் கொடுத்த அந்த ஆழ வாயுவைக் கண்ணால் காண இதைவிட நல்ல இடம் இல்லை. கோமோர்னி ஹூர்கா என்ற சின்னக் குன்றும் அருகில்தான். அது எரிமலையா இல்லையா என்று அறிஞர்கள் சண்டையிட்ட காலத்தில், தோண்டிப் பார்த்துவிடலாம் என்று சொன்னவர் அதே கோத்தேதான். பின்னால் ஷ்டெர்ன்பெர்க் பிரபு சுரங்கம் வெட்டி எரிமலை என்று உறுதி செய்தார்.

எப்போது இது சரி: நடக்கச் சிரமப்படும் பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்களுக்கு, ஒரு வாரமோ அதற்கு மேலோ சிகிச்சைக்காகவே தங்குகிறவர்களுக்கு. விடுதிக் கட்டணமும் பொதுவாக மற்ற இரண்டைவிடக் கையைக் கடிக்காது.

எப்போது வேண்டாம்: ஓர் இரவு, இரண்டு இரவு மட்டும் என்றால் இங்கே தங்கிப் பயனில்லை. பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

## கண்ணில் படாத செலவுகள்

மூன்று ஊருக்கும் இது பொது. செக் நாட்டின் நாணயம் கொருனா, யூரோ இல்லை. சில கடைகள் யூரோ வாங்கும், ஆனால் அவர்கள் போடும் மாற்று விலை நமக்கு நஷ்டம். விடுதிக் கட்டணத்துக்கு மேல் தங்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இரவுக்கு 50 கொருனா வரை ஊராட்சி வரி உண்டு. அது பெரும்பாலும் அங்கே போன பிறகுதான் கேட்கப்படும்.

பெரிய வித்தியாசம் வேறோர் இடத்தில் இருக்கிறது. சாதாரண விடுதி வேறு, சிகிச்சை விடுதி வேறு. அறை வாடகை குறைவு என்று சாதாரண விடுதியில் தங்கி, குளியல், சேற்றுப் பொதி, மசாஜ் ஒவ்வொன்றையும் வெளியே தனித்தனியாக வாங்கினால் கடைசியில் கூடுதலாகவே ஆகும். சிகிச்சை விடுதியிலும் விவரம் கேட்காமல் போகக் கூடாது. நாங்கள் ஒருமுறை மூன்று இரவுத் தொகுப்பு வாங்கிப் போனோம். மருத்துவர் ஆலோசனை அதில் சேராது என்று போன பிறகுதான் சொன்னார்கள். ஆலோசனை இல்லாமல் அம்மாவுக்கு வாயுக் குளியல் தரவும் மறுத்தார்கள். அவர்கள் மறுத்தது சரிதான். முன்பே சொல்லாததுதான் வருத்தம். ஞாயிற்றுக்கிழமை பல இடங்களில் சிகிச்சை நடக்காது. வெள்ளி முதல் திங்கள் வரை தங்குகிறவர்கள் ஒரு நாளை அப்படியே இழப்பார்கள். அதனால் முன்பதிவுக்கு முன்னால் மின்னஞ்சலில் மூன்றே கேள்வி கேளுங்கள்: எத்தனை சிகிச்சை, எந்தெந்த நாளில், மருத்துவர் ஆலோசனை உண்டா?

பயணக் காப்பீடு திடீர் நோய்க்கும் விபத்துக்கும்தான். ஊற்றுச் சிகிச்சைச் செலவை அது ஏற்காது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் செக் உணவகங்களில் பொரித்த பாலாடைக் கட்டியும் உருளைக்கிழங்கும் எங்கும் கிடைக்கும். சூப்பில் மாமிசச் சாறு இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். சமையலறையோடு உள்ள அறை எடுப்பது வயதானவர்களுக்கு நல்லது.

## உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை

இந்த ஊர்களின் பழைய முறைப்படி முழுச் சிகிச்சை என்பது மூன்று வாரம். நாலு நாளில் நோய் எதுவும் தீராது. சில கோப்பை ருசி பார்ப்பதில் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஊரில் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த நீரைத் தினமும் குடிக்கக் கூடாது. இவ்வளவு உப்பு உள்ள நீர், இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகச் சாதாரணக் குடிநீர் ஆகிவிடாது. பாட்டிலில் பிடித்து நாள் முழுக்கக் குடிக்கும் ஆட்களைப் பார்க்கிறேன், பயமாக இருக்கிறது.

## என்னைக் கேட்டால்

நாலு நாள், பெற்றோரும் ஓரளவு நடப்பார்கள் என்றால் மரியான்ஸ்கே லாஸ்னேயில் மூன்று இரவும் கார்லோவி வாரியில் ஓர் இரவும். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு சின்ன ரயில் ஓடுகிறது. டெப்லா ஆற்றங்கரையோடு, காட்டுக்குள் வளைந்து, பேச்சோவ் வழியாகச் சுமார் ஒன்றரை மணி நேரம். அந்தப் பயணத்தையே ஒரு நாளின் முக்கிய நிகழ்ச்சியாக வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது ஊருக்கு மரியான்ஸ்கேயிலிருந்து ஹெப் வழியாக ஒரு பகலில் போய்வந்துவிடலாம்.

பெற்றோரால் சரிவு ஏற முடியாது, ஒரு வாரம் இருக்கிறது என்றால் தயங்காமல் பிரான்டிஷ்கோவி. முதல் முறை ஐரோப்பா, பிராக்கில் தங்கிக்கொண்டு ஒரே ஒரு நாள் மட்டும் ஒதுக்க முடியும் என்றால் கார்லோவி வாரி. பிராக்கிலிருந்து ரயிலில் போகாதீர்கள். வடக்கே சுற்றிக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான்.

மாதம் என்று பார்த்தால் மே இரண்டாம் பாதியும் செப்டம்பர் முதல் பாதியும். கோப்பையை முதல் நாளே வாங்கிவிடுங்கள், கடைசி நாள் நினைவுப்பொருளாக வாங்கினால் ஒரு மடக்குகூடக் குடித்திருக்க மாட்டீர்கள்.